பள்ளிக் கால்பந்து: ஆட்டத்துக்கு முன் உடை, ஷின் கார்டு, நகை சோதிப்பது எப்படி?

குறுவட்டப் போட்டிகளில் முதன்முறையாக நடுவராக நிற்கப்போகும் ஆசிரியர்களுக்காக இது. சோதனையை ஆட்டம் தொடங்க 30 நிமிடம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் குறை கண்டால் அதைச் சரிசெய்ய நேரமிருக்காது, ஒரு பிள்ளை வெளியே உட்கார வேண்டியதுதான்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஜிப் கவர்கள், மார்க்கர் பேனா, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய், முடிந்தால் இரண்டு அளவுகளில் உபரி ஷின் கார்டு (கீழ்க்காலின் முன்னெலும்பைக் காக்கும் தகடு).

படி 1: நிறம்

இரு அணி ஜெர்சிகளும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும். கோல்கீப்பரின் நிறம் மற்ற ஆட்டக்காரர்களோடும் நடுவர்களோடும் ஒத்துப்போகக் கூடாது. இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே நிறத்தில் வந்து, மாற்றுச் சட்டையும் இல்லையென்றால் ஆட்டத்தை நடத்தலாம், விதியே அனுமதிக்கிறது. ஜெர்சிக்குள் முழுக்கை பனியன் போட்டால் அது ஜெர்சிக் கையின் நிறத்தில் இருக்க வேண்டும்.

படி 2: கட்டாயமான ஐந்து

கை வைத்த ஜெர்சி, ஷார்ட்ஸ், ஸ்டாக்கிங்ஸ், ஷின் கார்டு, காலணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடியதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். ஆட்டக்காரரின் உடை, உபகரணம் பற்றிய இன்றைய நான்காம் விதியில் அதற்கு இடமில்லை.

பூட்ஸ் அடியில் உள்ள ஒவ்வொரு ஸ்டட்டையும் (பிடிமானக் குமிழ்) பழைய பருத்தித் துணியால் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் முனை கூராகிவிட்டது என்று பொருள். சிமெண்ட் தரையில் நடந்து தேய்ந்த ஸ்டட்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். ஓட்டப்பந்தய ஸ்பைக்ஸுக்கு அனுமதி இல்லை.

ஷின் கார்டை ஸ்டாக்கிங்ஸ் முழுக்க மூட வேண்டும். அட்டையை வெட்டிச் செருகி வந்தால் ஏற்காதீர்கள். வியர்வையில் ஊறியதும் அது வெறும் காகிதம். குட்டி ஷின் கார்டு இப்போது பிள்ளைகளிடம் நாகரிகம். அளவும் தகுதியும் ஆட்டக்காரரின் பொறுப்பு என்றே விதி சொல்கிறது. ஆனால் 14 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பைச் சொல்லித்தர வேண்டியவர் பயிற்சியாளர். கணுக்கால் மடிப்புக்குச் சற்று மேலிருந்து முழங்காலுக்கு ஓரிரு அங்குலம் கீழ் வரை மூடினால் நல்லது.

ஸ்டாக்கிங்ஸ் மேல் சுற்றும் டேப் அதே நிறத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் டேப் மலிவு, எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஆனால் இழுத்துச் சுற்றினால் கெண்டைக்காலை இறுக்கிவிடும். தன்மேல் தானே ஒட்டும் ஸ்போர்ட்ஸ் டேப்தான் என் தேர்வு.

படி 3: நகை

எல்லோரும் தடுமாறும் இடம் இது. கம்மல், மூக்குத்தி, மோதிரம், செயின், கொலுசு, ரப்பர் பேண்ட், தோல் பட்டை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மேலே டேப் ஒட்டி மறைப்பதை விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது. காரணம் எளிது: பந்து காதில் மோதினால் டேப்புக்கு உள்ளே இருக்கும் கம்மல் தண்டு காதின் பின்பக்கம் குத்தும். மோதிரமோ கோல் வலைக் கொக்கியில் மாட்டி விரலின் தோலையே உரித்துவிடக்கூடும்.

இறுகிய திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுங்கள். புதிதாகக் காது குத்திய பிள்ளை கழற்ற முடியாது, ஆகவே ஆட முடியாது. போட்டிப் பருவம் முடிந்தபின் காது குத்தும்படி பெற்றோருக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கோயில் கயிறு, தாயத்து விஷயத்தில் மென்மையாகப் பேசுங்கள், ஆனால் ஆளுக்கொரு நீதி வேண்டாம். ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவனிடம் கேட்க உங்களுக்கு வாயிருக்காது. கயிற்றை நீங்கள் அறுக்கக் கூடாது. பிள்ளையே கழற்றி, பெயர் எழுதிய கவரில் போட்டு அணி ஆசிரியரிடம் கொடுக்கட்டும். பிள்ளைகளைத் தொட்டுச் சோதிக்கவும் கூடாது. அவர்களே காட்டட்டும். பெண்கள் அணியென்றால் ஆசிரியை ஒருவர் உடனிருக்க வேண்டும்.

படி 4: ஆட்டத்தின் நடுவில் குறை தெரிந்தால்

ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. வெளியே போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது நடுவர்களில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும், உங்கள் அனுமதியும் வேண்டும். அனுமதியின்றி நுழைந்தால் மஞ்சள் அட்டை.

தற்செயலாகக் கழன்ற பூட்ஸுக்கும் ஷின் கார்டுக்கும் இது பொருந்தாது. பந்து அடுத்து வெளியே போவதற்குள் மாட்டிக்கொண்டால் போதும். அதற்கு முன் அந்தப் பையன் கோல் அடித்தாலும் அது கோல்தான்.

பின்னர் சேர்த்தது: தலைத்துணி பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஹிஜாபும் சீக்கியர் தலையில் கட்டும் பட்கா துணியும் 2014 முதல் விதிப்படியே அனுமதிக்கப்பட்டவை. கறுப்பாகவோ ஜெர்சியின் நிறத்திலோ இருக்க வேண்டும், ஜெர்சியோடு இணைத்திருக்கக் கூடாது. குண்டூசி குத்தியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு உடையாத லென்ஸும் பின்பட்டையும் உள்ள ஸ்போர்ட்ஸ் கண்ணாடி சரி. வீட்டில் போடும் சாதாரணக் கண்ணாடியை அனுமதிக்காதீர்கள்.