சவுண்டல் வைக்கிறவங்க பண்ற தப்புங்க

ஆடு மாட்டுத் தீவனத்துக்கு தழை அறுக்குற மரம் சவுண்டல், மொத தடவ நான் அதப் போட்டப்போ பண்ணுன கூத்த மொதல்ல சொல்லிடறேன். ஆடி மழைக்கு முன்னாடி கொல்லை வரப்புல விதைய அப்படியே தூவி விட்டேன், நூறு விதை போட்டா பத்து கூட வரல, விதை கொடுத்தவர போய் திட்டிட்டும் வந்தேன். அடுத்த வருஷம் மழைக்கு அதே எடத்துல தானா முளைச்சு நிக்குது! விதை மேல தப்பில்ல, அதோட தோலு கல்லு மாதிரி, தண்ணி உள்ள போகாது, மண்ணுல வருஷக்கணக்குல படுத்துக் கெடக்கும்.

அதனால சுடுதண்ணி வைத்தியம் பண்ணாம போடாதீங்க. அதுக்காக விதைய அடுப்புல போட்டு கொதிக்க வச்சிடாதீங்க, வெந்துடும். தண்ணிய கொதிக்க வச்சு இறக்கி, ரெண்டு மூணு நிமிஷம் ஆறவிட்டு (80 டிகிரி இருந்தா போதும்), அதுல அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணில ராத்திரி பூரா ஊறவச்சு காலைல போடுங்க. ஏரி ஓரம், தண்ணி நிக்கிற பள்ளம் இதுக்கு ஆகாது, நம்ம செம்மண் மேட்டு நிலம்தான் லாயக்கு.

இன்னொன்னு, சூபாபுல்னு சொல்றதும் இதேதான், ஆனா வேலிமசால் வேற. ரெண்டும் தொட்டாச்சிணுங்கி வகையறா, பார்க்க ஒரே மாதிரி தழை, அதனால கடையில மாத்தி வாங்கிட்டு வர்றவங்க நிறைய. சவுண்டல் விதை தட்டையா பளபளன்னு பெருசா இருக்கும், வேலிமசால் விதை பொடி. வேலிமசால் புதர்ங்க, 90 நாள்ல மொத அறுப்பு. சவுண்டல் மரமாகுற ஜாதி, தண்ணி பாயுற எடத்துலயே ஆறு மாசம் பொறுக்கணும், மானாவாரின்னா தண்டு 3 சென்டிமீட்டர் தடிமன் வர்ற வரைக்கும் அருவாள எடுக்காதீங்க. அவசரப்பட்டு வெட்டுனா வேர் பிடிக்காம கோடைல காஞ்சுடும். அறுக்குறப்பவும் தரையோட ஒட்ட அறுக்காம ஒரு மீட்டர் விட்டு அறுங்க.

பெரிய தப்பு தீவனத்துலதான். சித்திரை வைகாசில வேற பச்சை இல்லன்னு நாள் முழுக்க இதையே கட்டிவிடுறாங்க. தழைல புரதம் நல்லா இருக்கு, இல்லேங்கல, ஆனா மிமோசின்னு ஒரு நஞ்சும் இருக்கு. வெள்ளாட்டுக்கு மொத்த தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போனா முடி கொட்டும், எச்சி ஒழுகும், கழுத்துல தைராய்டு வீங்கும், எடை ஏறாது. சோளத்தட்டு, கடலைக்கொடியோட கலந்து போடுங்க. அசை போடுற மாடு ஆடு ஓரளவு தாங்கும், முயலுக்கும் கழுதைக்கும் வேணாம், சீக்கிரமே முடி உதிர்ந்துடும். (வேலிமசால்ல இந்தத் தொல்லை இல்ல, அதான் குழப்பிக்காதீங்கன்னேன்.) கொழுந்துல செடிப்பேன் அப்பிக்கிட்டா கூட மருந்தடிக்க ஓடாதீங்க, ஆடு திங்கிற தழை அது, கொழுந்த வெட்டி விட்டா வெயிலுக்கு அடுத்த துளிர் நல்லா வரும்.

அப்புறம் காய் முத்த விடுறது, என்னைக் கேட்டா இதுதான் பக்கத்து கொல்லைக்காரனோட சண்டைக்கு அஸ்திவாரம். முத்துன காய ஆடு தின்னா விதைல கொஞ்சம் செமிக்காம புழுக்கையோடயே வரும், அந்த எருவ நீங்க ராகிக்கும் மாந்தோப்புக்கும் கொண்டு போய் கொட்டுவீங்க, அங்கயும் முளைச்சு பக்கத்து கொல்லைக்கும் பரவும். மெக்சிகோ பக்கத்து மரம் இது, உலகத்துல மோசமா பரவுற 100 உயிரினம்னு போட்ட பட்டியல்லயே இதுவும் இருக்கு. பூ விட்ட உடனே அறுத்துடுங்க, ஓடைக்கரைலயும் காட்டு ஓரத்துலயும் வைக்கவே வைக்காதீங்க. வேணாத எடத்துல முளைச்சா முழங்கால் உசரத்துக்குள்ள, மழை பேஞ்ச ஈரத்துல வேரோட புடுங்கிடுங்க, பெருசானப்புறம் வெட்டுனா அடிக்கட்டைலேர்ந்து நாலு கிளை சேர்த்து வரும்.