ஏரிப் படத்தை நேராக்க மதகைப் பிடியுங்கள்

வளைந்து, கோணிக் கிடக்கும் ஏரிப் படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போது, அதாவது படத்தின் புள்ளிகளை நிலத்தின் உண்மையான இடங்களோடு பொருத்தும்போது, தண்ணீர் விளிம்பில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். மதகு, கலிங்கு, பாலம், கரைமேல் செல்லும் சாலையின் திருப்பம் இவற்றில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரி அருகே உள்ள ஊசுட்டேரி விரியும், வைகாசியில் சுருங்கும். விளிம்பை நம்பினால், நீர் வற்றியதால் வந்த வித்தியாசத்தையும் படத்தின் கோணலாக எண்ணி மென்பொருள் இழுத்துவிடும். மதகு நகராது.

கடலூர் மாவட்டத்து வீராணத்தில் இன்னொரு கவனம் தேவை. வடக்கு தெற்காக நீண்ட ஏரி அது. கீழ்க்கரையிலேயே புள்ளிகளை அடுக்கினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்து, கிழக்கு மேற்காகப் படம் எப்படி இழுபட்டிருக்கிறது என்பதே கணக்கில் வராது. மேற்கே உள்ள ஊர்களின் சாலைச் சந்திப்புகளையும் கட்டாயம் சேருங்கள். படம் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, இழுக்கும் முதல்படிப் பல்லுறுப்புக் கோவை முறைக்கு 3 புள்ளி போதும் என்பார்கள். பிழை தெரிய வேண்டுமானால் எட்டு பத்தாவது வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் படத்தை வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறையில் பிழை பூஜ்யத்தை ஒட்டியே காட்டும், அதை நம்ப வேண்டாம். மென்பொருள் கேட்கும் ஆயத்தொலை முறைக்கு, கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலம்தான்.

சென்டினல்-2 செயற்கைக்கோளின் லெவல்-2ஏ படங்களுக்கு இந்த வேலை தேவையில்லை, திருத்தியே வருகின்றன. பழைய வரைபடங்கள், ஸ்கிரீன்ஷாட்கள், டிரோன் படங்களுக்குத்தான் இது. கெடிலம் ஆற்றின் முகத்துவாரம் போன்ற இடங்களில் மணல்திட்டும் இடம் மாறும். அங்கே பாலத்தையும் கட்டடங்களையும் மட்டும் பிடியுங்கள்.