லேசர் கற்றையைத் திருப்பும்போது தளவிளைவைக் கெடுக்கும் தவறுகள்

லேசர் கற்றையைத் திருப்ப 45 டிகிரியில் ஒரு கண்ணாடியை, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியை எதிரொளிக்கும் ஆடியை, வைக்கிறோம். பவர் மீட்டரில் அளவு குறையவில்லை. சரி, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பவர் மீட்டருக்குத் தளவிளைவு, அதாவது ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பது, தெரியாது.

கண்ணாடியில் படும் ஒளியின் மின்புலத்தைப் படுதளத்துக்கு (வரும் கற்றையும் திரும்பும் கற்றையும் அமையும் தளம்) செங்குத்தான எஸ் கூறு, படுதளத்திலேயே இருக்கும் பி கூறு என இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டும் ஏறக்குறைய முழுதாகவே எதிரொளிக்கும். ஆனால் அவற்றுக்கிடையே கட்ட வேறுபாடு, அதாவது ஒன்றின் அலை மற்றதைவிடப் பின்தங்குவது, உண்டாகிவிடும். தனி எஸ் அல்லது தனி பி என்றால் பாதிப்பில்லை. இரண்டும் கலந்த சாய்ந்த தளவிளைவு என்றால், மின்புலம் ஒரே கோட்டில் அதிராமல் நீள்வட்டமாகச் சுழன்றபடி வெளியேறும்.

இதனால்தான் செங்குத்துத் தளவிளைவை மட்டும் வைத்துச் சோதிப்பது ஏமாற்றும். சார்லஸ் பென்னட்டும் ஜில் பிரசார்டும் 1984-இல் முன்வைத்த பிபி84 குவாண்டம் சாவிப் பகிர்வு முறையில் (ரகசியச் சாவியைத் தனித்தனி ஃபோட்டான்களின் தளவிளைவில் அனுப்பும் முறை) பாதி ஃபோட்டான்கள் 45 டிகிரி சாய்வில் வருபவை. அங்கே பிழை சாய்ந்தவற்றில் மட்டும் ஏறும். நேரானவை ஒன்றும் தெரியாதது போல இருக்கும். கண்ணாடிக்கு முன் தளவிளைவின் திசையைத் திருப்பும் அரை அலைத் தட்டு, கண்ணாடிக்கு அப்புறம் ஒரே திசைத் தளவிளைவை மட்டும் விடும் போலரைசர் வையுங்கள். தட்டை 22.5 டிகிரி திருப்பினால் தளவிளைவு 45 டிகிரி சாயும். இப்போது போலரைசரை எப்படிச் சுழற்றியும் முழு இருட்டு வரவில்லையென்றால் முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள்.

வெள்ளிப் பூச்சுக்கு மாறினால் சரியாகிவிடும் என்பார்கள். உலோகமும் கட்ட வேறுபாடு தரும். முப்பட்டகமும் தப்பாது: ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் 45 டிகிரி முழு அக எதிரொளிப்பு ஒன்றே சுமார் 37 டிகிரி கட்ட வேறுபாட்டைத் தரும்.

எனக்குப் பிடித்த தீர்வு, ஒரே பூச்சுத் தொகுப்பில் வந்த இரண்டு கண்ணாடிகள். முதலாவது கற்றையை மேலே அனுப்பட்டும், இரண்டாவது அதைப் பக்கவாட்டில் திருப்பட்டும். முதலாவதில் எஸ்ஸாக இருந்தது இரண்டாவதில் பி ஆகும். கட்ட வேறுபாடு கழிந்துவிடும். செங்குத்துத் தளவிளைவு கிடைமட்டமாகத்தான் வெளிவரும். அது வடிவியல், பழுதல்ல. ஆனால் கண்ணாடியை அசைத்துக் கற்றையை நகர்த்தும் ஸ்கேனரில் ஒரு கண்ணாடி மட்டும் ஆடினால் படுகோணங்கள் சமமாக இருக்காது, ஈடும் முழுமையாக நடக்காது.

வட்டத் தளவிளைவு (மின்புலம் வட்டமாகச் சுழல்வது) வேண்டுமென்றால், அதை உண்டாக்கும் கால் அலைத் தட்டைக் கடைசிக் கண்ணாடிக்கு அப்புறம் வையுங்கள். முடிவில் ஒரு போலரைசரைப் போட்டுச் சுத்தம் செய்வது குறையை மறைக்கும், அவ்வளவுதான். தளவிளைவில் இருந்த ஆட்டம் திறன் ஆட்டமாக மாறிவிடும்.

லென்ஸையும், கற்றை கடந்துபோகும் கண்ணாடி ஜன்னலையும் பிடிக்கும் திருகுகளை இறுக்கி முறுக்காதீர்கள். அழுத்தம் பட்ட கண்ணாடியில் இரட்டை ஒளிவிலகல் வந்துவிடும்: தளவிளைவின் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும், அதுவும் கட்ட வேறுபாட்டைத் தரும்.