ஏரியா செவன்ஸ் நடத்தப் போறீங்களா? சாமிச் சண்டை வராமல் இருக்க

சேலம் செவ்வாய்பேட்டையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதிமூன்று வருஷமாக எங்கள் ஏரியாவில் செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, டோர்னமென்ட்டும் நடத்துகிறோம். ஏரியா பெயர் வேண்டாம். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் தெரு, எதிர்ப்பக்கம் பள்ளிவாசல் தெரு, நடுவில் பள்ளிக்கூட மைதானம், கொஞ்சம் தள்ளி சர்ச். தமிழ்நாட்டில் பாதி ஊர் இப்படித்தான் இருக்கும். டோர்னமென்ட் நடத்த நினைக்கும் தம்பிகள் கடைக்கு வருவார்கள். பிளக்ஸ் சைஸ், ரேட் எல்லாம் பேசி முடித்து, வண்டியில் ஏறும்போதுதான் மெதுவாகக் கேட்பார்கள்: "பிரச்சனை ஒண்ணும் வராதில்லங்கண்ணா?"

வரும். அது மைதானத்தில் ஆரம்பிப்பதில்லை, என் கம்ப்யூட்டரிலேயே ஆரம்பித்துவிடும். அதனால் பிளக்ஸில் இருந்தே சொல்கிறேன்.

மேலே எந்தச் சாமி படமும் வேண்டாம். உடனே ஒருத்தர், "மூணு மதத்துச் சின்னத்தையும் வரிசையா வெச்சிடலாமே" என்பார். வைத்துப் பார்த்தவன் நான். எது நடுவில், எது பெரிசு என்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார்கள். பந்து படம் போதும். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் அகர வரிசையில், ஒரே எழுத்து அளவில். ஆயிரம் கொடுத்தவரும் பத்தாயிரம் கொடுத்தவரும் ஒரே அளவா என்று கேட்பார்கள். ஆமாம், அதே அளவுதான்.

டீம் பெயருக்கு நாங்கள் முதலில் தடை போட்டோம். சாமி பெயர் கூடாது, தலைவர் பெயர் கூடாது. அது சரியில்லை என்று பிறகுதான் புரிந்தது. ராத்திரி மெஷின் ஓடும்போது எனக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை, கால்பந்து சரித்திரம் படித்ததெல்லாம் அப்போதுதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செல்டிக் கிளப் 1887-ல் ஒரு சர்ச் ஹாலில் பிறந்தது. வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கச் சகோதரர், பிழைக்க வந்த ஏழை ஐரிஷ் ஜனங்களுக்குச் சோறு போடக் காசு சேர்க்க ஆரம்பித்தது. அதைவிட மதம் ஒட்டிய கிளப் இருக்குமா? ஆனால் 1967-ல் அவர்களுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜர் ஜாக் ஸ்டீன் புராட்டஸ்டன்ட். 1936-ல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கில் இருந்து போன முகமது சலீம், பூட்ஸ் போடாமல் காலில் துணிக்கட்டோடு அதே செல்டிக்கின் பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டையில் ஆடியிருக்கிறார். எதிரி கிளப் ரேஞ்சர்ஸ் என்ற பெயரில் மதம் ஒன்றும் இல்லை. ஆனால் 1989-ல் மோ ஜான்ஸ்டனை எடுக்கும்வரை, கத்தோலிக்கர் என்று வெளியில் தெரிந்த பெரிய ஆட்டக்காரர் யாரையும் பல பத்து வருஷமாக அவர்கள் சேர்க்கவில்லை. எடுத்த அன்று சில ரசிகர்கள் கழுத்துத் துண்டைக் கொளுத்தினார்கள். ஆக, பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். டீமுக்குள் யார் வரலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு நாங்கள் முதலில் 'ஏழு பேரில் ரெண்டு பேர் வேற தெரு' என்று விதி போட்டோம். படுதோல்வி. எங்கிருந்தோ ரெண்டு பையன்களைக் கூட்டி வந்து ஜெர்சி மாட்டி, அஞ்சு நிமிஷத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். இப்போது செய்வது இது: அஞ்சு பேரை டீம் கொண்டு வரட்டும். தனியாகப் பெயர் கொடுத்த பையன்களில் இருந்து ரெண்டு பேரைக் குலுக்கல் சீட்டில் நாங்கள் கொடுப்போம். ஒருத்தன் கோல்கீப்பர், கட்டாயம். கோல்கீப்பரை யாரும் வெளியே உட்கார வைக்க முடியாது, அதுதான் சூட்சுமம். பந்தைப் பிடித்துவிட்டால் தெருவே அவனைத் தூக்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு முகமது சாலா என்ற முஸ்லிம் ஆட்டக்காரர் வந்த பிறகு அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். எங்களிடம் கணக்கெல்லாம் கிடையாது. கோயில் தெரு கீப்பருக்கு ரம்ஜானுக்கு வரும் பிரியாணி டப்பாதான் கணக்கு.

இனி மைக். இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாலாவது வருஷம் செமிஃபைனல், கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும். வழக்கமாக மைக் பிடிப்பவர் வரவில்லை. என் அக்கா மகன் கையில் கொடுத்தேன். நல்ல வாய். செகண்ட் ஹாஃபில் ஸ்கோர் 1-1. பையனுக்கு உற்சாகம் தலைக்கேறி, "இந்தியா பாகிஸ்தான் மேட்ச் பாக்குற மாதிரியே இருக்குங்க!" என்று கத்திவிட்டான். ரெண்டு ஹாரன் ஸ்பீக்கரிலும் அது போனது. விறுவிறுப்பைத்தான் சொன்னான், சத்தியமாக. ஆனால் பள்ளிவாசல் தெரு உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே அடங்கிவிட்டது. அப்புறம் ஒரு நாற்காலி தள்ளப்பட்ட சத்தம். அவர்கள் மைக் டேபிளுக்கு வந்தார்கள், இந்தப் பக்கம் கோஷம் கிளம்பியது, யாரோ ஒரு வாட்டர் பாட்டிலை, பாதித் தண்ணீரோடு, பள்ளிவாசல் தெரு கோலைப் பார்த்து வீசினான். கீப்பருக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்தது. மூன்று தையல்.

அந்தக் கீப்பர் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற பையன். வீடு கோயிலுக்கு ரெண்டு சந்து தள்ளி. நெற்றியில் திருநீறு, அதன் மேலேயே ரத்தம் வழிந்தது. வீசியவனுக்கு நெற்றி தெரியவில்லை, ஜெர்சிதான் தெரிந்திருக்கிறது. பல மாதம் கழித்துத்தான் ஜிம்மி ஜோன்ஸ் கதையைப் படித்தேன். 1948 டிசம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில், கத்தோலிக்கர் டீம் என்று பேர் வாங்கிய பெல்ஃபாஸ்ட் செல்டிக்குக்காக ஆடினார். எதிரணி லின்ஃபீல்டின் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து காலை உடைத்தது. அவரும் அவர்களைப் போலவே புராட்டஸ்டன்ட். அந்த சீசனோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கை விட்டே விலகிவிட்டது.

மறுநாள் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். "வாய்தான் தம்பி, மனசு இல்ல, தெரியும்" என்றார். அவர் மகன் மட்டும் செல்போனில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு ரெண்டு வருஷம் அந்தத் தெருவில் இருந்து டீம் வரவில்லை.

ஆகவே: மைக்குக்கு ரெண்டு பேர், தெருவுக்கு ஒருவர், ஆனால் மைக் ஒன்றுதான். ஜெர்சி நம்பர், நிமிஷம், ஸ்கோர், அடுத்த மேட்ச் நேரம், தொலைந்த வண்டிச் சாவி. இதைத் தாண்டிப் பேச வேண்டாம். நாடு, யுத்தம், வம்சம் எதோடும் ஒப்பிடக் கூடாது. தகராறு கிளம்பினால் "நாம எல்லாரும் ஒண்ணு, அமைதி காக்கவும்" என்று அறிவிக்கவே அறிவிக்காதீர்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் வடை தின்றுகொண்டிருப்பவனுக்கும் அப்போதுதான் ஏதோ நடக்கிறது என்று தெரியவரும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நடந்து போய்ப் பேசுங்கள். மைக்குக்கு ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கோஷம்? கோல் போட்டதும் ஒருத்தன் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்வான், ஒருத்தன் சிலுவை போடுவான், ஒருத்தன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். விடுங்கள், அது அவனுக்கும் அவன் சாமிக்கும். சட்டையில் மட்டும் மத வாசகம் கூடாது. இது கால்பந்தின் ஆட்ட விதி நாலிலேயே இருக்கிறது, உள்பனியனில் எழுதியிருந்தாலும் சேர்த்திதான். கேலரிக் கோஷத்துக்குப் பட்டியல் போட்டுத் தடை செய்ய முடியாது. ஸ்காட்லாந்தில் இதற்கென்றே 2012-ல் சட்டம் போட்டு, 2018-ல் அவர்களே ரத்து செய்தார்கள். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: கத்துகிறவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? தன் டீமைப் பார்த்துச் சாமி பெயர் சொன்னால் பக்தி. அதையே எதிர்த் தெருவைப் பார்த்துச் சொன்னால் டீமுக்கு ஒரு எச்சரிக்கை, அடுத்தது ஒரு கோல் கழிவு. ஒரே ஒரு தடவைதான் கழித்திருக்கிறோம். அன்று என் கடை ஷட்டரில் சாணி அடித்தார்கள். கழுவினேன்.

ஜெர்சிக் கலரும் குலுக்கல்தான். போன வருஷம் கோயில் தெருவுக்குப் பச்சை விழுந்தது, பள்ளிவாசல் தெருவுக்குக் காவி. பிரிண்ட் போடும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் நாள் முணுமுணுத்தார்கள். வேர்வையில் நனைந்த பிறகு யாரும் கலர் பேசவில்லை.

தேதி முடிவு செய்ய மூன்று பேரைக் கேளுங்கள்: பூசாரி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், சர்ச் உபதேசியார். வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை சர்ச் பூசை. நோன்பு மாதத்தில் நடத்தவே வேண்டாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் சேலத்தில் பந்து பொறுக்கிப் போடக்கூட ஆள் கிடைக்காது. பரிசாகக் கிடா வேண்டாம், யார் அறுப்பது என்று அதற்கு ஒரு பஞ்சாயத்து உட்கார வேண்டிவரும். பணமும் கோப்பையும் போதும். சாப்பாட்டுக்குத் தட்டுவடை செட்.

கடைசியாக டெபாசிட். டீமுக்கு ஐநூறு ரூபாய் வாங்கி வைப்போம். கடைசியாக மோதிய ரெண்டு கேப்டன்களும் ஒரே நேரத்தில் என் கடைக்கு வந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் திருப்பிக் கொடுப்பேன். தனித்தனியாக வந்தால் கிடையாது. போன தடவை ஒருத்தன் முக்கால் மணி நேரம் மற்றவனுக்காகக் காத்திருந்தான். போனைப் போட்டுத் திட்டினான், கடை ஸ்டூலில் உட்கார்ந்து பிளக்ஸுக்கு ஓட்டை போட உதவினான். டீக்காசு என் கணக்கு.