காலிப்பர் போட்டவனை ஸ்கிரிப்ட்டில் எழுதுவது எப்படி?

சின்ன வயதில் வந்த போலியோவால் இடது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் உலோகச் சட்டம், மாட்டி நடக்கிறவன் நான். குறும்படம் எடுக்கும் தம்பிகள், "அண்ணே, நம்ம கதைல ஒரு மாற்றுத்திறனாளி வர்றாரு, படிச்சுப் பாருங்க" என்று ஸ்கிரிப்ட் அனுப்புவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கால் சம்பந்தமில்லாத ஏதாவது. சீட்டுப் பணத்தைச் சுருட்டியவனைப் பிடிக்க வேண்டும், அண்ணன் எழுதி வாங்கிய நிலத்தை மீட்க வேண்டும், இப்படி. எனக்கு வருகிற கதைகளில் பெரும்பாலும் நாயகனைத் திருத்துவதற்கென்றே அவன் வருவான், வேலை முடிந்ததும் செத்துப்போவான். பெண்ணாக இருந்தால் கல்யாணமாகாத தங்கை. அவளுக்கென்று வேலை, கோபம், வங்கிக் கணக்கு எதுவும் இருக்காது.

அப்புறம் உடம்பு. இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும். "கோபத்தில் சட்டென்று எழுகிறான்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தொடை வரை வரும் காலிப்பரில் முழங்காலுக்குப் பக்கத்தில் பூட்டு வளையங்கள் உண்டு. அவற்றை மேலே தூக்கினால்தான் கால் மடங்கும், உட்கார முடியும். எழ வேண்டுமென்றால் காலை நீட்டி, வளையம் 'டக்'கென்று கீழே இறங்கிய பிறகு, கையை ஊன்றி எழ வேண்டும். என் கோபம் அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கும். எதிரில் நிற்பவனும் காத்திருப்பான். அந்த இடைவெளியை எழுதுங்கள், டயலாக்கே வேண்டாம்.

வாசலும் அப்படித்தான். ஷூ காலிப்பரோடு சேர்ந்தது, தனியாகக் கழற்ற வராது. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள், இவன் மட்டும் படியில் நிற்கிறான். "பரவால்ல, அப்படியே வாங்க" என்று யார் சொல்கிறார்கள், எவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறார்கள்? அந்தச் சம்பந்தம் அமையுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

1946இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தைப் பாருங்கள். ராணுவத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஹரால்ட் ரஸ்ஸல், கைகளை இழந்த கடற்படை வீரனாக நடித்தார். தொழில்முறை நடிகர் இல்லை. படுக்கப் போகும் முன் கொக்கிக் கைகளைக் கழற்றிவிட்டு, இனி பொத்தான்கூடப் போட முடியாது, கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது என்று காதலியிடம் காட்டுவான். தினமும் ராத்திரி நடப்பதைத்தான் காட்டுகிறான், படத்தின் உச்சமே எனக்கு அதுதான். அந்த ஒரே வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கார் கிடைத்தது.

வீல்சேர் என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பதைத் தூக்கிவராதீர்கள். பல வருடம் சக்கரத்தில் வாழ்கிறவர் தன் இடுப்பளவுக்குப் பொருந்துவதைத்தான் வைத்திருக்கப் பார்ப்பார்.

கிண்டலே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். 2024 ஜூலையில் ஒரு இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. ஜோக்கை யார் அடிக்கிறார்கள் என்று நான் பார்ப்பேன். காலிப்பர்காரர்கள் எங்களுக்குள் அடிக்கும் ஜோக்கை சென்சார் தாங்காது.

நடிக்க மாற்றுத்திறனாளி யாரும் கிடைக்கவில்லை என்பார்கள். விசாரித்தால் ஆடிஷன் நடந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் வையுங்கள். லொகேஷன் பார்க்கும்போதே சாய்தளமும் கழிவறையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் படித்துத் திருத்தம் சொல்பவருக்கு பட்ஜெட்டில் ஒரு தொகை எழுதிவிடுங்கள். டைட்டிலில் 'நன்றி' போடுவது தனி, அதையும் போடுங்கள்.