பிற மத வேதநூலைக் கடையில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டு ஊர்களில் ஒரே வீதியில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கும். பக்கத்து வீட்டார் ஓதும் நூலை நாமும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. நல்ல எண்ணம் அது. ஆனால் பலர் தவறான புத்தகத்தோடு திரும்பி, பத்துப் பக்கத்தில் மூடிவைத்து விடுகிறார்கள். நூலின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். முழு நூலா பகுதியா, தமிழா மூலமா, உரை உண்டா இல்லையா, எந்தச் சபையின் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்தக் கடை என்பதிலும் தவறு நடக்கிறது. நோட்டும் கைடும் விற்கும் கடையில் இவை கிடைப்பது அரிது. கோவை ராஜவீதிப் பக்கமுள்ள பெரிய புத்தகக் கடைகளில் சில பதிப்புகள் இருக்கும். தேர்ந்தெடுக்க நிறைய வேண்டுமானால் அந்தந்த மதத்தார் வாங்கும் இடத்துக்கே போவது நல்லது. குர்ஆனுக்குக் கோட்டைமேடு, உக்கடம் பக்கம் தொப்பியும் அத்தரும் விற்கும் கடைகள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை ஜும்ஆ தொழுகை நேரம். அப்போது போய்ப் பூட்டிய கதவைப் பார்க்க வேண்டாம். பைபிளுக்கு எந்த ஆலய அலுவலகத்தில் விசாரித்தாலும் கடையைக் காட்டிவிடுவார்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம்.

பைபிளில் அதிகம் நடக்கும் குழப்பம், புதிய ஏற்பாட்டை முழு பைபிள் என்று நினைத்து வாங்குவது. இலவசமாகக் கையில் கொடுக்கப்படும் சிறு புத்தகம் பெரும்பாலும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும், உடன் சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டுமே. முழு நூலென்றால் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உள்ளிட்ட சீர்திருத்த சபையார் பயன்படுத்துவதில் 66 நூல்கள்; கத்தோலிக்கப் பதிப்பில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை கூடுதலாக வருவதால்தான் இந்த வித்தியாசம். எந்த நண்பரோடு பேசுவதற்காகப் படிக்கிறீர்களோ அவர் கையிலுள்ள பதிப்பையே வாங்குங்கள். இல்லாவிட்டால் பைபிளின் முதல் நூலை அவர் ‘ஆதியாகமம்’ என்று சொல்லும்போது உங்கள் புத்தகத்தில் ‘தொடக்க நூல்’ என்று இருக்கும். தேடிக் களைத்துப் போவீர்கள். பழைய மொழிபெயர்ப்பு ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்று தொடங்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் நடை இக்காலத் தமிழுக்கு நெருக்கமானது. முதல்முறை படிப்பவருக்கு அதுவே எளிது என்பது எங்கள் கருத்து.

எழுத்தின் அளவையும் கடையிலேயே பாருங்கள். பைபிள் தாள் மெல்லியது. பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். ஜிப் வைத்த கையடக்கப் பதிப்பு அழகாக இருக்கும், ஐம்பது வயதுக்காரர் கண்ணுக்கு ஒத்துவராது. படிக்கத் தொடங்க மாற்கு நற்செய்தி போதும்; 16 அதிகாரங்கள்தான், நான்கு நற்செய்திகளில் சிறியது.

குர்ஆன் கேட்டுப் போகிறவர்களிடம் ‘யாசீன்’ என்று போட்ட சிறு புத்தகம் வந்து சேர்வதுண்டு. அது 36ஆவது அத்தியாயமும் சில துஆக்களும் (வேண்டுதல்களும்) கொண்ட ஓதல் நூல். முழுக் குர்ஆனில் 114 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயம் ‘அந்நாஸ்’ இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மதரசாப் பிள்ளைகள் ஓதும் பிரதியில் அரபி மட்டுமே இருக்கும். ஆகவே “தமிழ் தர்ஜுமா வேணுங்க பாய், படிச்சுத் தெரிஞ்சுக்கத்தான்” என்று தெளிவாகக் கேளுங்கள். தர்ஜுமா என்றால் மொழிபெயர்ப்பு. அரபியும் தமிழும் சேர்ந்த பதிப்பு வலப்பக்கமிருந்து திறக்கும். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் அதற்கு முதல் பக்கம்.

தமிழாக்கங்களில் அடைப்புக்குறிக்குள் வரும் சொற்கள் பெரும்பாலும் மொழிபெயர்த்தவர் பொருள் விளங்கச் சேர்த்தவை, மூலத்தில் இல்லாதவை. இது தெரியாமல் மேற்கோள் காட்டி வாதாடினால் வீண் சண்டைதான் வரும். அத்தியாயங்கள் இறங்கிய கால வரிசையிலும் இல்லை. 286 வசனங்கள் கொண்ட ‘அல்பகரா’ இரண்டாவதாகவே நிற்கிறது. அதில் திணறி நிறுத்தியவர்கள் ஏராளம். ‘ஃபாத்திஹா’வின் ஏழு வசனங்களைப் படித்துவிட்டுக் கடைசிப் பகுதியின் சிறு அத்தியாயங்களுக்குப் போய்ப் பிறகு திரும்பி வரலாம்.

விலைக்குப் பதில் ‘ஹதியா’ என்று அச்சிட்டிருந்தால் பேரம் பேச வேண்டாம். காணிக்கை என்ற மரியாதையில் போடப்படுவது அது. அரபி மூலத்தை ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்) இல்லாமல் தொடக்கூடாது என்பது முஸ்லிம்களில் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் வழக்கம். அடுக்கிலிருந்து நாமே உருவாமல், எடுத்துக் காட்டச் சொல்வது நல்லது.

இந்து சமய நூல் தேடும் முஸ்லிம், கிறிஸ்தவ வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் பகவத்கீதை. அது 18 அத்தியாயம், 700 சுலோகம். ‘எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது’ என்று காலண்டரில் வரும் கீதாசாரம் கீதையில் உள்ள சுலோகமல்ல. அதைத் தேடி வாங்கினால் கிடைக்காது. விரிவுரைப் பதிப்பில் உரைகாரரின் சம்பிரதாயமும் சேர்ந்தே வரும் என்பதால் முதலில் சுருக்கமான பொருளுரை போதும். கீதா பிரஸ் பதிப்புகள் விலை குறைவு. பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சுவாமி சித்பவானந்தரின் உரை அடுத்த கட்டத்துக்கு நல்லது. வடமொழிச் சுலோகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது எழுத்தின் மேல் 2, 3, 4 என்று நிற்கும் எண்கள் உச்சரிப்பைக் காட்டுபவை; அடிக்குறிப்பைத் தேட வேண்டாம்.

கீதை ஒன்றே இந்துக்களின் வேதம் என்று முடிவு செய்வதும் தவறு. கொங்குச் சைவ வீடுகளில் ஓதப்படுவது பன்னிரு திருமுறை. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, கொடுமுடி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல் ஆகிய ஏழும் தேவாரம் பெற்ற கொங்குத் தலங்கள். பன்னிரு திருமுறையையும் ஒரேயடியாக வாங்காமல் எட்டாம் திருமுறையில் உள்ள திருவாசகத்தை உரையோடு வாங்குங்கள்.

பௌத்தத்துக்கு ஒற்றை வேதப் புத்தகம் கிடையாது. திரிபிடகம் பல தொகுதிகள். அதில் அடங்கிய, 423 பாடல்கள் கொண்ட தம்மபதத்தைக் கேளுங்கள். சமணத்தில் திகம்பரர், சுவேதாம்பரர் என்ற இரு பிரிவினரும் ஏற்பது தத்துவார்த்த சூத்திரம். சீக்கியரின் குரு கிரந்த சாகிப் 1430 பக்கம். அதை உயிருள்ள குருவாகவே வைத்துப் போற்றுவதால் கடையில் கேட்பது முறையல்ல, ஜப்ஜி சாகிப் போன்ற சிறு நூலைக் கேட்கலாம்.

எந்த நூலானாலும் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டு வராதீர்கள். துணிப்பை எடுத்துப் போங்கள். “மதம் மாறப் போறீங்களா?” என்று கடையில் யாராவது கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னால் போதும்.

பழைய புத்தகக் கடையில் வாங்கினால் பக்க எண்களைப் பதினாறு பதினாறாகத் தாண்டிப் பாருங்கள். அச்சிட்ட பெரிய தாளைப் பாரம் பாரமாக மடித்துத் தைப்பதால், விட்டுப்போனால் ஒரு தாள் போகாது, மொத்தமாகப் பதினாறு பக்கமோ முப்பத்திரண்டோ போயிருக்கும். பைபிளின் முன்பக்கங்களில் ஒரு குடும்பத்தின் பிறப்பு, திருமணத் தேதிகள் எழுதியிருந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள். தவறி எடைக்குப் போட்டிருப்பார்கள், தேடிக்கொண்டும் இருப்பார்கள்.