ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கிய பிள்ளை கால்குலஸை எட்டும் வழி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் அல்ஜீப்ரா 1 (இயற்கணிதம்), ஜியாமெட்ரி (வடிவியல்), அல்ஜீப்ரா 2, பிரிகால்குலஸ் (கால்குலஸுக்கான முன்பாடம்), கால்குலஸ் (நுண்கணிதம்) என்று ஆண்டுக்கு ஒன்றாகப் படிப்படியாக ஏறுகிறது. எட்டாம் வகுப்பிலேயே முதல் படியை முடித்த பிள்ளைக்குப் பன்னிரண்டில் கால்குலஸ் கிடைக்கும். ஒன்பதில் தொடங்கும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகளும் பிரிகால்குலஸோடு முடிந்துவிடும். பல ஊர்களில் இது பிள்ளையின் திறமையைப் பொறுத்ததே அன்று. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014 முதல் பல ஆண்டுகள் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை நடத்தாமலே இருந்தது. ஆகையால் 'பின்தங்கிவிட்டாய்' என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள்.

இந்த ஓட்டம் எல்லாருக்கும் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கலிஃபோர்னியாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான கால்டெக், சேர விரும்புவோரிடம் கால்குலஸைக் கட்டாயமாகக் கேட்கிறது. பள்ளியில் அந்தப் பாடமே இல்லாதவர்கள் கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத்தளம் வழியாகப் படித்துத் தேர்ச்சியைக் காட்டலாம் என்று 2023-இல் அறிவித்தது. எம்.ஐ.டி.யும் கால்குலஸ் வரை படித்து வருவதையே விரும்புகிறது. ஹார்வர்டு அதைக் கட்டாயமாக்கவில்லை. பொறியியல், இயற்பியல், பொருளாதாரம் ஆகியவற்றை நாடும் பிள்ளைக்கு இந்த முயற்சி தகும். வரலாறோ இலக்கியமோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகளின் நல்ல மதிப்பெண்களே போதும் என்பது என் கருத்து.

முடிவு செய்துவிட்டால், அடுத்த பாடத்தைத் தொடும் முன் பழைய ஓட்டைகளைத் தேட வேண்டும். பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஓர் எண்ணுடன் 3-ஐக் கூட்டி வந்ததை வர்க்கமாக்கினால் எப்படி விரியும்?" என்று கேளுங்கள். 'எண்ணின் வர்க்கமும் 9-உம்' என்று எழுதினால் திருத்திவிடாமல், அந்த எண் 5 என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டின் வர்க்கம் 64. 25-உம் 9-உம் சேர்ந்தால் 34. விடுபட்ட 30 எங்கே போயிற்று என்று பிள்ளையே தேடி, 5-ஐயும் 3-ஐயும் பெருக்கி இரட்டித்தால் கிடைப்பது அதுதான் என்று கண்டுபிடித்துவிட்டால், அந்தத் தவறு பெரும்பாலும் திரும்ப வராது. பின்னங்கள், எதிர்க்குறி, அடுக்குகள் மூன்றையும் இதே முறையில் சோதியுங்கள். கால்குலஸில் தடுமாறும் பிள்ளைகள் பலர் உண்மையில் தடுமாறுவது இந்த இடங்களில்தான். நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று இரண்டு மாதம் இதற்கே ஒதுக்கினாலும் அது வீணாகாது.

அடுத்த கேள்வி, எந்தப் படியைச் சுருக்குவது என்பது. ஜியாமெட்ரியைச் சுருக்கலாம், அல்ஜீப்ரா 2-ஐ மட்டும் சுருக்கவே கூடாது. மடக்கை, பல்லுறுப்புக் கோவை, சார்பு என்று பின்னால் வரும் யாவும் அதன்மேல்தான் நிற்கின்றன. ஆகவே ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் ஜியாமெட்ரியை முடித்துவிட்டு, பத்தில் அல்ஜீப்ரா 2-ஐ முழு ஆண்டும் நிதானமாகப் படிப்பதே சிறந்த வழி. கோடை வாய்க்காவிட்டால், ஒரு விருப்பப் பாடத்தை விட்டுக்கொடுத்துப் பத்தாம் வகுப்பில் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

வெளியில் படிக்கும் பாடத்தைப் பள்ளி ஏற்குமா என்பதைச் சேரும் முன்பே ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டினோம். ஆகஸ்டில் பள்ளி மறுத்துவிட்டது, என் மகள் அதே ஜியாமெட்ரியை மீண்டும் ஓராண்டு படித்தாள். அந்த ஆண்டை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது.

பத்தின் முடிவில் விழித்துக்கொண்டவர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளும் பாடம் எடுக்கக்கூடிய இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி உண்டு. அங்கே ஒரு பருவத்தில் (செமஸ்டரில்) முடியும் கணக்குப் பாடத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு இணையாக எடுத்துக்கொள்கிறது. பதினொன்றில் அல்ஜீப்ரா 2 முடித்த பிள்ளை பன்னிரண்டின் முதல் பருவத்தில் பிரிகால்குலஸும் அடுத்த பருவத்தில் கால்குலஸும் அங்கே படிக்கலாம். ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவில் நிலைத்துவிடும் என்பதால், கோடையின் ஆறு வாரத்தில் பிரிகால்குலஸை விழுங்க முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் (SAT) தேர்வை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அதன் கணக்குப் பகுதியில் 70 நிமிடத்தில் 44 கேள்விகள். கால்குலஸ் அறவே கிடையாது. ஏறக்குறைய எழுபது விழுக்காடு இயற்கணிதம் சார்ந்ததே என்பதால், மேலே சொன்ன ஓட்டைகளை அடைத்தாலே பாதித் தயாரிப்பு முடிந்துவிடும்.

விண்ணப்பம் அனுப்பியவுடன் தளர்ந்துவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவ மதிப்பெண்களைப் பள்ளி கல்லூரிகளுக்குத் தனியே அனுப்பும். பன்னிரண்டின் தொடக்கத்திலேயே கால்குலஸ் படிக்கும் பிள்ளை அதில் முதலில் வாங்கிய மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பது அந்த அறிக்கையில்தான்.